மாசக் கடைசியும் உலகக் கடைசியும்

கார்ல் லாகர்ஃபெல்ட் என்று ஒருவர் இருந்தார். பாரிஸ் ஃபேஷன் உலகத்தின் முடிசூடா மன்னர். நரைத்த குதிரைவால் முடி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தை இறுக்கிப் பிடிக்கும் காலர். 2008ல் பிரெஞ்சு அரசாங்கம் அவரை ஒரு விளம்பரத்துக்கு நிற்க வைத்தது. கோட்டு சூட்டுக்கு மேலே, பளீரென்று கண்ணைக் குத்துகிற மஞ்சளில், கை இல்லாத ஒரு மேல்சட்டை. நம் ஊரில் ரோடு போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வார்களே, அதே சமாசாரம்தான். இது மஞ்சள், பார்க்க அசிங்கம், எதோடும் மேட்ச் ஆகாது, ஆனால் உயிரைக் காப்பாற்றும் என்றது விளம்பரம்.

ராத்திரி வண்டி பழுதாகி நடுரோட்டில் இறங்கினால், பின்னால் வருகிறவன் கண்ணில் நீங்கள் பட வேண்டும். அதற்காக ஒவ்வொரு வண்டியிலும் ஒரு மஞ்சள் சட்டை கட்டாயம் என்று சட்டம் போட்டார்கள். இல்லாவிட்டால் அபராதம். ஆக, பிரான்ஸில் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவர் கையிலும் அரசாங்கமே ஒரு யூனிஃபாரத்தைக் கொடுத்துவிட்டது. கொடுத்தவர்களுக்கு அது அப்போது தெரியவில்லை.

பத்து வருஷம் கழித்து, 2018 நவம்பர் 17, சனிக்கிழமை. அந்தச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படியே இரண்டே முக்கால் லட்சம் பேருக்கு மேல். (போலீஸ் கணக்கு எந்த ஊரிலும் குறைவாகத்தான் இருக்கும்.) கட்சி கிடையாது, தொழிற்சங்கம் கிடையாது, தலைவர் என்று ஒருவரும் கிடையாது. எல்லாம் ஃபேஸ்புக்கில் சேர்ந்த கூட்டம். லாரி டிரைவர்கள், நர்ஸுகள், பென்ஷன்காரர்கள், தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாக்கள். வந்தவர்கள் பாரிஸின் பெரிய சதுக்கங்களில் மட்டும் உட்காரவில்லை. நாடு முழுக்க, ஊருக்கு வெளியே இருக்கும் ரவுண்டானாக்களில் கூடாரம் போட்டு, மரக்கட்டைகளை எரித்துக் குளிர் காய்ந்துகொண்டு உட்கார்ந்தார்கள். முதல் நாளே மறியலில் ஒரு பெண்மணி காரில் அடிபட்டு இறந்துபோனார்.

எதற்காக? அடுத்த ஜனவரி ஒன்றாம் தேதி டீசல் மீதான வரி லிட்டருக்கு ஆறரை சென்ட் ஏறப்போகிறது என்பதற்காக. பெட்ரோலுக்கு மூன்று சென்ட் கூடக் கிடையாது.

ஆறரை சென்ட்டுக்கா இவ்வளவு கலாட்டா என்று உலகமே கேட்டது. கேட்டவர்களில் பாதிப் பேர் உடனே ஒரு முடிவுக்கும் வந்தார்கள். பூமி சூடாகிறது, ஏதாவது செய்யுங்கள் என்பார்கள், செய்தால் காசு கொடுக்க மாட்டார்கள், ஜனங்களே இப்படித்தான். இந்த முடிவு வசதியானது. ஆனால், தப்பு. ஏன் தப்பு என்று பார்க்க நாம் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கொஞ்சம் என்றால், ஒரு அறுநூற்றெழுபது வருஷம்.

பதினாலாம் நூற்றாண்டு. இங்கிலாந்தோடு சண்டை, பிரெஞ்சு ராஜாவுக்குப் பணம் வேண்டும். உப்பு மீது வரி போட்டார்கள். கபேல் என்று பெயர். (உப்பு வரி என்றதும் நமக்குத் தண்டியும் வேதாரண்யமும் ஞாபகம் வரும். பிரெஞ்சுக்காரர்களுக்கு அதே கதை நானூறு வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது.) வரி என்று ஒன்று இருந்தது கூடப் பெரிய விஷயமில்லை. அது யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். பாரிஸைச் சுற்றியுள்ள பகுதிகளில், எட்டு வயது தாண்டிய ஒவ்வொரு ஆளும் இவ்வளவு உப்பு வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டம். தேவையோ இல்லையோ, வாங்கு. பக்கத்திலேயே பிரிட்டனி மாகாணத்துக்கு விலக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு விலை, இந்தப் பக்கம் இருபது மடங்கு விலை. சும்மா இருப்பார்களா? நாய்களைப் பழக்கி, முதுகில் உப்பு மூட்டை கட்டி, ராத்திரியோடு ராத்திரியாக எல்லை தாண்டி அனுப்பினார்கள். மாட்டிக்கொண்டவர்களைக் கப்பலில் துடுப்பு வலிக்கச் சங்கிலியில் கட்டினார்கள். பிரபுக்கள், பாதிரியார்கள், பெரிய அதிகாரிகள் பலருக்கு மட்டும் உப்பு சலுகை விலையில், சிலருக்கு இனாமாகவே வீட்டுக்குப் போனது.

1675ல், உப்பு வரி நமக்கும் வருகிறதாம் என்று ஒரு வதந்தி கிளம்பியது. ஏற்கெனவே முத்திரைத்தாளுக்கும் புகையிலைக்கும் போட்ட வரியால் கொதித்துக்கொண்டிருந்த பிரிட்டனியின் விவசாயிகள் சிவப்புத் தொப்பி மாட்டிக்கொண்டு கலகத்தில் இறங்கினார்கள். பதினாலாம் லூயியின் சிப்பாய்கள் வந்து மரங்களில் தூக்குப் போட்டு அடக்கினார்கள்.

கதை அதோடு முடிந்தது என்றால் நான் இங்கே சொல்லியிருக்கவே மாட்டேன். 2013 அக்டோபர். அதே பிரிட்டனி. சரக்கு லாரிகள் ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பப் பசுமை வரி கட்ட வேண்டும் என்று அரசாங்கம் நெடுஞ்சாலைகளில் இரும்பு வளைவுகளை நட்டு, கேமராக்களை மாட்டியிருந்தது. விவசாயிகளும் கறிக்கோழித் தொழிற்சாலைக்காரர்களும் லாரி முதலாளிகளும் தலையில் சிவப்புத் தொப்பியோடு வந்து அந்த வளைவுகளைக் கொளுத்தினார்கள். முந்நூற்று முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய அதே தொப்பி! அரசாங்கம் முதலில் வரியைத் தள்ளிவைத்தது; மறு வருஷம் கைகழுவியது.

அதற்கும் முன்னால் ஒரு கூத்து. 2009ல் அதிபர் சர்கோஸி, ஒரு டன் கரியமில வாயுவுக்கு 17 யூரோ என்று கார்பன் வரி அறிவித்தார். கணக்கு எளிது. ஒரு லிட்டர் டீசலோ பெட்ரோலோ எரிந்தால் இவ்வளவு புகை, அந்தப் புகைக்கு இவ்வளவு பணம். விலை ஏறினால் ஜனங்கள் குறைவாக எரிப்பார்கள். பொருளாதார நிபுணர்களுக்கு இந்த வரி மேல் கொள்ளைப் பிரியம். புதிய வருஷப் பிறப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது அரசியல் சாசன கவுன்சில் அதைத் தூக்கிக் கடாசியது. காரணம் என்ன தெரியுமா? எரிபொருள் நீங்கலாக, தொழிற்சாலைகள் வெளிவிடும் கரியமில வாயுவில் 93 சதவிகிதத்துக்கு இந்த வரியிலிருந்து விலக்குக் கொடுத்திருந்தார்கள். ஆலைக்காரனுக்கு விலக்கு, ஆட்டுக்காரனுக்கு வரி என்றால் அது சமத்துவமா என்று கேட்டது கவுன்சில். பழைய உப்புக் கணக்கேதான்.

2014ல் ஒல்லாந்த் காலத்தில் கார்பன் வரி மறுபடி வந்தது. இந்த முறை சத்தமே இல்லை. டன்னுக்கு வெறும் 7 யூரோ. அதுவும் தனி வரியாக இல்லாமல், ஏற்கெனவே இருந்த எரிபொருள் வரிக்குள்ளே சொருகிவிட்டார்கள். அதிர்ஷ்டம், அந்த வருஷ நடுவில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. வரி ஏறியது, பங்க்கில் விலை இறங்கியது. யாருக்கும் உறைக்கவில்லை. 7 பதினாலரை ஆனது, 22 ஆனது, முப்பதரை ஆனது. நடுவில், 2015 டிசம்பரில், உலகத் தலைவர்கள் எல்லாம் பாரிஸில் கூடி, பூமியின் சூட்டைக் கட்டுப்படுத்துவோம் என்று கையெழுத்துக்கான ஒப்பந்தத்தை முடித்துக் கைதட்டிக்கொண்டார்கள். பிரான்ஸுக்குப் பெருமை. யாரையும் கேட்காமல், யாருக்கும் விளக்காமல் ஒரு வரியைப் பல மடங்காக்க முடியும் என்று பாரிஸில் இருந்த அதிகாரிகளுக்கு ஒரு நம்பிக்கையும் வந்துவிட்டது. என்னைக் கேட்டால், 2018ன் நெருப்புக்கு விறகு அடுக்கியது இந்த நாலு வருஷ அமைதிதான்.

2017ல் மக்ரோன் வந்தார். முப்பத்தொன்பது வயது, முன்னாள் வங்கியாளர், ஏகப்பட்ட வேகம். கார்பன் வரி 2018ல் 44 யூரோ 60 சென்ட், 2019ல் 55, 2022ல் 86 என்று அட்டவணை போட்டார்கள். அந்த வேகத்திலேயே வேறு சில வேலைகளும் நடந்தன. ஏழைகளுக்கு வீட்டு வாடகைக்காகக் கொடுக்கும் உதவித்தொகையில் மாதம் 5 யூரோ வெட்டு. பதின்மூன்று லட்சம் யூரோவுக்கு மேல் சொத்து வைத்திருப்பவர்கள் கட்டிவந்த சொத்து வரி ரத்து. இனி நிலம், கட்டடத்துக்கு மட்டும் கட்டினால் போதும், ஷேர்களுக்கு வேண்டாம். அதனால் கஜானாவுக்கு வருஷத்துக்குச் சுமார் 300 கோடி யூரோ இழப்பு. எதிர்க்கட்சிகள் ‘பணக்காரர்களின் அதிபர்’ என்று பெயர் வைத்தார்கள். ஒட்டிக்கொண்டது.

இப்போது டீசல் கதைக்கு வருவோம். இதைச் சொல்லாமல் விட்டால் அந்த ரவுண்டானாக் கூட்டத்தின் கோபம் புரியாது. பல பத்தாண்டுகளாகப் பிரெஞ்சு அரசாங்கமே, ‘டீசல் கார் வாங்குங்கள், சிக்கனம்’ என்று டீசலுக்கு வரியைக் குறைத்து வைத்திருந்தது. பிரெஞ்சு கார் கம்பெனிகளும் டீசல் எஞ்சினில் கெட்டிக்காரர்கள். 2012ல் பிரான்ஸில் விற்ற புதிய கார்களில் எழுபது சதவிகிதத்துக்கு மேல் டீசல். அதே வருஷங்களில் சின்ன ஊர்களில் பள்ளிக்கூடம், தபால் நிலையம், பிரசவ ஆஸ்பத்திரி, கிளை ரயில் பாதை எல்லாம் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நகரத்துக்குள் வாடகை கட்டுப்படியாகாமல் முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி வீடு கட்டிக்கொண்டு போனவன், வேலைக்கு, கடைக்கு, டாக்டருக்கு, எல்லாவற்றுக்கும் அந்த டீசல் காரைத்தான் நம்பியிருக்கிறான். அவனிடம் போய், ‘நீ எரிப்பது தப்பு, குறைத்துக்கொள்’ என்றால்? எப்படிக் குறைப்பான்? வீட்டுக்குப் பக்கத்தில் மெட்ரோவா ஓடுகிறது? அந்த இலையுதிர்காலத்தில் கச்சா எண்ணெயும் விலை ஏறியிருந்தது. வரியும் சேர்ந்து ஒரு லிட்டர் டீசல் ஒன்றரை யூரோவைத் தொட்டது. கிராமச் சாலைகளில் வேக வரம்பை 90லிருந்து 80 ஆக வேறு குறைத்திருந்தார்கள்.

அதே நேரம் விமானத்துக்குப் போடும் எரிபொருளுக்கு வரியே கிடையாது. வார இறுதிக்கு விமானத்தில் பறக்கிறவன் எரிப்பது இனாம். நர்ஸ் நைட் டியூட்டிக்குப் போக எரிப்பது பாவம்.

பசுமைக்காக என்று வாங்கிய பணமாவது பசுமைக்குப் போனதா? எரிபொருள் வரியின் பெரும்பகுதி அரசாங்கத்தின் பொது உண்டியலுக்குத்தான் போனது. பழைய காரை மாற்ற உதவித்தொகை, ஏழை வீடுகளுக்கு எரிசக்திக் காசோலை என்று சிலது இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால், ‘பட்ஜெட் பள்ளத்தை நிரப்ப எங்கள் பாக்கெட்டில் கைவிட்டுவிட்டு, பூமித்தாய் பேரைச் சொல்கிறார்கள்’ என்ற பேச்சை அது தடுக்கவில்லை. சுற்றுச்சூழல் அமைச்சர் நிக்கோலா உலோவே ஆகஸ்டில், அதிபரிடம் கூடச் சொல்லாமல், ரேடியோ பேட்டியில் நேரடி ஒலிபரப்பிலேயே ராஜினாமா செய்திருந்தார். சின்னச் சின்ன அடிகள் எடுத்துவைப்பது போதாது, தன்னையே ஏமாற்றிக்கொள்ள விரும்பவில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

அக்டோபர் கடைசியில் அரசாங்கத்தின் செய்தித் தொடர்பாளர் பெஞ்சமின் கிரிவோ ஒரு எதிர்க்கட்சித் தலைவரைக் கிண்டல் செய்வதாக நினைத்துக்கொண்டு, சிகரெட் புகைத்துக்கொண்டு டீசல் வண்டி ஓட்டுகிற ஆசாமிகளின் வேட்பாளர் அவர் என்றார். நாட்டின் பாதிப் பேர் அந்த வர்ணனையில் அடக்கம் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

ரவுண்டானாக்களில் ஒரு வாசகம் பிறந்தது. ‘அவர்கள் உலகத்தின் கடைசியைப் பற்றிப் பேசுகிறார்கள், நாங்கள் மாசக் கடைசியைப் பற்றிப் பேசுகிறோம்.’ பிரெஞ்சில் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள். மாசக் கடைசி என்றால் என்ன என்று நம்மூர் சம்பளக்காரருக்கு யாரும் பொழிப்புரை எழுத வேண்டியதில்லை.

அப்புறம் நடந்ததை டி.வி.யில் உலகமே பார்த்தது. சனிக்கிழமைதோறும் போராட்டம். (மற்ற நாளில் வேலைக்குப் போக வேண்டுமே!) டிசம்பர் முதல் தேதி பாரிஸின் வெற்றி வளைவுக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள். ஷான்ஸெலிஸே வீதியில் கார்கள் எரிந்தன. போலீஸின் ரப்பர் குண்டுகளில் இருபது பேருக்கு மேல் ஒரு கண்ணை இழந்தார்கள். வேகத்தைப் பிடிக்கும் சாலைக் கேமராக்களில் பாதிக்கு மேல் சேதம். வன்முறையை நியாயப்படுத்த முடியாது. ஆனால், அந்த வாரங்களில் எடுத்த கருத்துக் கணிப்புகளில் எழுபது சதவிகிதத்துக்கு மேற்பட்டவர்கள் மஞ்சள் சட்டைகளை ஆதரித்தார்கள் என்பதையும் மறைக்க முடியாது.

டிசம்பர் 4ம் தேதி பிரதமர் எதுவார் ஃபிலிப் வரி உயர்வை ஆறு மாதம் தள்ளிவைத்தார். மறுநாளே ரத்து. பத்தாம் தேதி மக்ரோன் டி.வி.யில் தோன்றி, குறைந்தபட்சச் சம்பளக்காரருக்கு மாதம் 100 யூரோ கூடுதல், ஓவர்டைமுக்கு வரியில்லை என்று அள்ளிவிட்டார். மொத்தச் செலவு சுமார் ஆயிரம் கோடி யூரோ. சொத்து வரியை மட்டும் திரும்பக் கொண்டுவர முடியாது என்றார்.

ஜனங்களுக்குப் பூமியைப் பற்றி அக்கறை இல்லை என்றவர்கள், அதே டிசம்பர் 18ம் தேதி தொடங்கிய ஒரு மனுவைப் பார்த்திருக்க வேண்டும். பருவநிலை மாற்றத்தைத் தடுக்க அரசாங்கம் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை, எனவே அரசின் மீதே வழக்குப் போடுவோம் என்று நாலு அமைப்புகள் கையெழுத்துக் கேட்டன. சில வாரங்களில் இருபது லட்சம் பேர் போட்டார்கள்! 2021 பிப்ரவரியில் பாரிஸ் நிர்வாக நீதிமன்றம், ஆம், அரசின் மீது தப்பு இருக்கிறது என்று தீர்ப்பும் சொன்னது. வரியை எரித்த அதே நாடு, அதே மாதம்.

மக்ரோன் கெட்டிக்காரர். ஜனங்களையே கேட்டுவிடுவோம் என்று 2019 அக்டோபரில் ஒரு காரியம் செய்தார். குலுக்கல் முறையில் 150 சாதாரண ஆட்களைத் தேர்ந்தெடுத்து, வார இறுதிகளில் பாரிஸில் உட்காரவைத்து, விஞ்ஞானிகளை அழைத்துவந்து பாடம் நடத்தி, ‘புகையைக் குறைக்க வழி சொல்லுங்கள்; அப்படியே வடிகட்டாமல் அனுப்பிவைக்கிறேன்’ என்றார். நம்மூர் குடவோலை முறை ஞாபகம் வருகிறதா? அவர்கள் நிஜமாகவே படித்தார்கள். 149 யோசனைகள் சொன்னார்கள். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, நாலு மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய ஊருக்கு விமானம் வேண்டாம் என்றெல்லாம் கடுமையான யோசனைகள். கார்பன் வரியை மட்டும் தொடவே மாட்டோம் என்று விட்டுவிட்டார்கள். மக்ரோன் மூன்றைக் கையோடு தள்ளினார். 110ம், கம்பெனிகள் பங்குதாரர்களுக்குக் கொடுக்கும் ஈவுத்தொகையில் 4 சதவிகித வரியும் அதில் அடக்கம். நாலு மணி நேரம் சட்டத்தில் இரண்டரையாகச் சுருங்கியது. கடைசியில், அரசாங்கம் உங்கள் யோசனைகளை எப்படி நிறைவேற்றியது என்று அந்த 150 பேரை மார்க் போடச் சொன்னபோது, சராசரி பத்துக்கு 3.3.

சரி, வரியை வசூலித்து, அந்தப் பணத்தை அப்படியே ஜனங்களுக்கே திருப்பிக் கொடுத்தால்? தோமா துயென், அத்ரியான் ஃபாப்ர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2019 தொடக்கத்தில் மூவாயிரம் பிரெஞ்சுக்காரர்களிடம் இதைக் கேட்டார்கள். ஒவ்வொரு பெரியவருக்கும் வருஷம் 110 யூரோ கையில் வரும். பெரும்பாலான குடும்பங்களுக்குக் கட்டுவதைவிடக் கிடைப்பது அதிகம். வேண்டுமா? எழுபது சதவிகிதம் பேர் வேண்டாம் என்றார்கள். வேண்டும் என்றவர்கள் பத்து சதவிகிதம். ‘உங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம், உங்களுக்கு நஷ்டம்தான்’ என்றபோது உடனே நம்பியவர்கள், ‘உங்களுக்கு லாபம்’ என்றபோது நம்பவில்லை. அறுநூறு வருஷ அனுபவம் அப்படி என்று நான் நினைக்கிறேன். ஆய்வாளர்கள் இவ்வளவு தூரம் போகவில்லை.

இது ஏதோ பிரெஞ்சுக்காரர்களின் தனிக்குணம் என்று விட்டுவிட முடியாதபடி கனடா அதே யோசனையை நிஜத்திலேயே செய்து பார்த்தது. 2019லிருந்து எரிபொருளுக்குக் கார்பன் கட்டணம்; வசூலில் சுமார் 90 சதவிகிதம் குடும்பங்களுக்கே திரும்பி வங்கிக் கணக்கில் விழும். விழுந்தது. ஆனால், பங்க்கில் கொடுப்பது வாராவாரம் கண்ணுக்குத் தெரிந்தது. கணக்கில் விழுந்தது எதற்காக வந்த பணம் என்று பலருக்குத் தெரியவேயில்லை. எதிர்க்கட்சி ‘வரியை வெட்டு’ என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டது. 2025 மார்ச்சில் பிரதமரான மார்க் கார்னி, அந்த வரியைக் கொண்டுவந்த அதே கட்சிக்காரர், பருவநிலைக் கொள்கையில் உலகப் பெயர் பெற்றவர், பதவியேற்றதும் செய்த முதல் காரியம், ஏப்ரல் 1 முதல் அதை எடுத்துவிட்டதுதான். பெரிய ஆலைகளுக்கான கட்டணம் மட்டும் தப்பியது.

பிரான்ஸில் இன்னொன்று மிச்சம் இருக்கிறது. 1789ல், புரட்சிக்கு முன்னால், பதினாறாம் லூயி ஊர் ஊராக, ‘உங்கள் குறைகளை எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்டார். அறுபதாயிரம் குறைப் புத்தகங்கள் என்பார்கள். உப்பு வரி ஒழிய வேண்டும் என்பது அவற்றில் திரும்பத் திரும்ப வந்த வரி. சரித்திரக்காரர்கள் இன்றும் அவற்றைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். 2018 டிசம்பரிலும் 2019 தொடக்கத்திலும் அதே பெயரில் நோட்டுப் புத்தகங்கள் ஊராட்சி அலுவலகங்களில் திறந்து வைக்கப்பட்டன. சுமார் பதினாறாயிரம் ஊர்களில் ஜனங்கள் போய்க் கைப்பட எழுதினார்கள். பென்ஷன், மூடிய ஆஸ்பத்திரி, ‘சொத்து வரியைத் திரும்பக் கொண்டு வா’. எல்லாவற்றையும் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடுவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். நோட்டுகள் மாவட்ட ஆவணக் காப்பகங்களுக்குப் போய் அட்டைப் பெட்டிக்குள் உட்கார்ந்தன. அவற்றை வெளியிடு என்று பிரெஞ்சு நாடாளுமன்றம் தீர்மானம் போட, 2025 மார்ச் வரை ஆனது. கார்பன் வரி மட்டும் 44 யூரோ 60 சென்ட்டிலேயே நின்றது. 2018க்கு அப்புறம், 2025 வரை வந்த பட்ஜெட்டுகளில், எந்த நிதி அமைச்சரும் அதன் மேல் கைவைக்கவில்லை.